தனிமைப்படுத்தல் தளர்வு: முதியோர் உள்ள வீடுகளின் கவலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொரோனா தொற்று உறுதியானாலும் அறிகுறி இல்லாதவர்கள் இனித் தனிமையில் இருக்க வேண்டியதில்லை என்றும், அறிகுறி உள்ளவர்களுக்கு 10 நாள்களுக்குப் பதிலாக 7 நாள்கள் போதும் என்றும், தொற்றாளருடன் பழகியவர்களுக்கு அறிகுறி தோன்றாத வரை கட்டுப்பாடு இல்லை என்றும் நம் தென்னாப்பிரிக்க அரசு 2022 ஜனவரி 31 அன்று அறிவித்தது. மக்களில் 60 முதல் 80 சதவீதம் பேர் எதிர்ப்புசக்தி பெற்றுவிட்டதாக ஆய்வுகள் காட்டுவதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஊரடங்கில் பிழைப்பை இழந்த பலரை நான் அறிவேன். ஆகவே கட்டுப்பாடுகள் என்றென்றும் நீடிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஆயினும் இந்த அறிவிப்பு என் மனத்தை மிகவும் உறுத்துகிறது.

டர்பனில் இந்தியர்கள் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும், மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய நிறவெறிக் காலச் சட்டத்தின்போது எழுந்த சிறிய வீடுகளில், ஆயா, தாத்தா, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையினர் ஒரே குளியலறையைப் பயன்படுத்தி வாழ்கிறார்கள். நீரிழிவு இல்லாத முதியவரை நம் சமூகத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். அறிகுறி இல்லாதவரிடமிருந்தும் தொற்று பரவும் என்பது தெரிந்ததே. நாட்டில் 90,000 பேருக்கு மேல் இந்நோய்க்குப் பலியான பின்பும் இதைச் சிறிதென்று எண்ண என்னால் இயலவில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது வேலைக்குச் செல்பவரின் நிலை. தொற்று உறுதியானவர், "சட்டப்படி நான் வீட்டில் இருக்க வேண்டும்" என்று முதலாளியிடம் இந்த அறிவிப்புக்கு முன்பு வரை சொல்ல முடிந்தது. அந்தச் சொல் இன்று அவரிடம் இல்லை. வாரத்தில் 5 நாள் வேலை செய்பவருக்கு 3 ஆண்டுகளுக்குச் சேர்த்து 30 நாள்களே சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. தொடர்ந்து 2 நாள்களுக்கு மேல் வராவிட்டால் மருத்துவச் சான்று இல்லாமல் சம்பளம் தர வேண்டியதில்லை என்று சட்டம் சொல்கிறது. அறிகுறியே இல்லாதவருக்கு எந்த மருத்துவர் சான்று எழுதித் தருவார்? வீட்டு வாடகையை நினைத்து அவர் பலர் சேர்ந்து பயணிக்கும் நெரிசல் மிகுந்த மினிபஸ் டாக்சியில் ஏறத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்நிலையில் பரிசோதனைக்கே போகாதிருப்பது நல்லது என்று பலர் முடிவு செய்துவிடுவார்களோ என்றும் அஞ்சுகிறேன்.

ஆகவே, முதியவர்களோடோ நெடுநாள் நோயாளிகளோடோ ஒரே வீட்டில் வசிக்கும் தொற்றாளர்களுக்கு, அறிகுறி இல்லாவிட்டாலும், நோய் விடுப்பில் கழிக்காமல் சில நாள் சம்பளத்துடன் விடுப்பு அளிக்கத் தொழிலாளர் துறை வழி செய்ய வேண்டும். 2022 ஏப்ரல் 15 பெரிய வெள்ளி விடுமுறையன்று டர்பனின் தெற்கே உள்ள இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலிலும் மற்ற கோயில்களிலும் பெருங்கூட்டம் கூடும். தொற்று உறுதியானவர்கள் 7 நாள்கள் முடியும் வரை வர வேண்டாம் என்று கோயில் நிர்வாகத்தினர் இப்போதே அறிவித்து, முதியவர்கள் நெரிசலின்றி வழிபடக் காலையில் தனி நேரம் ஒதுக்க வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.