படம் எடுத்த தேதியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நவீன இந்தியக் கட்டிடங்கள் பற்றி வந்த படத்தொகுப்பைப் பார்த்தேன். அச்சு நேர்த்தி. ஒரு குறை உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முப்பது வருடமாகக் கட்டிடங்களைப் படம் எடுத்தே பிழைப்பவன் என்பதால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களுக்கு முன் சென்னையில் ஒரு கட்டிடக்கலைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். டெல்லி பிரகதி மைதானத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சி மண்டபத்தின் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கீழே அட்டையில் 'ராஜ் ரேவால், 1972', அவ்வளவுதான். ஆர்க்கிடெக்சர் படிக்கிற பெண் ஒருத்தி ஸ்கெட்ச் நோட்டும் கையுமாகப் பக்கத்தில் நின்றாள். "சார், டிசம்பர்ல டெல்லி டூர் போறோம். இதுக்குள்ள போய் வரைய விடுவாங்களா?" என்று கேட்டாள். 2017 ஏப்ரலிலேயே இடித்தாகிவிட்டதம்மா என்றேன். அவள் நம்பவில்லை. போனை எடுத்துத் தேடினாள். அப்புறம் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் படத்தில் கட்டிடம் நேற்றுத்தான் சாரம் பிரித்த மாதிரி நிற்கிறது.

சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டில், ஏசியா 72 வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது அது. கட்டிடக் கலைஞர் ரேவால், பொறியாளர் மகேந்திர ராஜ். எது கூரை, எது சுவர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. முக்கோணம் முக்கோணமாகக் கோத்த ஒரு பெரிய கூண்டு, உள்ளே நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. இந்த மாதிரிக் கூண்டை ஸ்டீலில் செய்வதுதான் வழக்கம். அன்றைக்கு ஸ்டீலுக்குத் தட்டுப்பாடு, விலையும் எட்டாது. அதனால் கான்கிரீட்டிலேயே செய்தார்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, அந்தந்த இடத்திலேயே வார்த்த வேலை. பல சட்டங்கள் வந்து சேரும் ஒரு முடிச்சில் அத்தனை கம்பிகளையும் திணித்து, இடுக்கில் கான்கிரீட் இறங்கவும் செய்திருக்கிறார்களே, அந்தக் கொத்தனார்களையும் சித்தாள்களையும் நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அறுபது வயது ஆகாத கட்டிடத்தைப் பாரம்பரியச் சின்னமாகக் கருத முடியாது என்று அதிகாரிகள் சொன்னார்கள். இதற்கு வயது 45. ஓர் இரவில் ஆளைக் கூட்டி இடித்துவிட்டார்கள். கண்காட்சி நடத்தக் கட்டிய மண்டபம், 2022இல் நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்தில் தெற்காசியக் கட்டிடக்கலைக் கண்காட்சியில் தானே காட்சிப்பொருளாகிவிட்டது.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் புத்தகக் கண்காட்சி பார்க்க டெல்லி போனபோது அந்த மண்டபத்தைப் படம் எடுத்தேன். ஃபிலிம் காலம். கூட்டம் விலகட்டும் என்று ட்ரைபாடை நட்டுவைத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். ஆள் இருக்கக் கூடாது, நாற்காலி இருக்கக் கூடாது, வாளி, துடைப்பம், வாசல் செருப்பு எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் தொழிலின் பாலபாடம் அது. வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியை எத்தனை கட்டிடங்களில் தூக்கி ஓரம் வைத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆள் வந்து விழுந்த ஃப்ரேம்களை அன்றே கழித்துக் கட்டினேன். தப்பித் தங்கியது ஒன்றே ஒன்று. சாய்தளத்தின் ஓரத்தில் ஓர் அம்மா, எவர்சில்வர் டப்பாவைத் திறந்து பிள்ளைக்குப் பூரி பிய்த்துக் கொடுக்கிறார். இருவர் மேலும் கூரையின் முக்கோண நிழல். அந்த மண்டபம் எவ்வளவு பெரிது என்று அந்தப் பிள்ளையின் தலையை வைத்துத்தான் தெரிகிறது. நான் காத்திருந்து எடுத்த காலி மண்டபப் படங்களில் அளவே தெரியவில்லை.

இத்தனைக்கும் எங்கள் தொழிலின் மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்றில் ஆட்கள் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் மலைமுகட்டுக் கண்ணாடி வீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, கீழே ஊர் விளக்குகள். 1960இல் ஜூலியஸ் ஷுல்மன் எடுத்தது. ஊர் விளக்குகளுக்காக ஷட்டரை ஏழு நிமிடம் போலத் திறந்து வைத்து, பெண்களுக்கு ஃபிளாஷ் அடித்து எடுத்தார். அந்த இரண்டு பேரையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், வீட்டு விளம்பரம்தான் மிஞ்சும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பார்சிலோனாவில் 1929 உலகக் கண்காட்சிக்கு கட்டிடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ கட்டிய ஜெர்மன் பெவிலியன், அதாவது ஜெர்மனியின் காட்சி மண்டபம், ஒரு வருடம்கூட நிற்கவில்லை. 1930இல் பிரித்துவிட்டார்கள். 1986இல் அதே இடத்தில் திரும்பக் கட்டி முடிக்கும்வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் அதைப் படித்ததெல்லாம் ஒரு கைப்பிடிக் கறுப்பு வெள்ளைப் படங்களில்தான். பச்சைச் சலவைக்கல், தேன் நிற ஆனிக்ஸ் கல் சுவர், சிவப்புத் திரை எல்லாமே அவற்றில் சாம்பல் நிறம். கட்டிடம் போனபின் படம்தான் சாட்சி. சாட்சி சொல்ல வருகிறவர் எந்தத் தேதியில் எங்கே நின்று பார்த்தார் என்று கேட்போமா இல்லையா?

உங்கள் படத்தொகுப்பிலும் கட்டிய வருடம் இருந்தது, படம் எடுத்த வருடம் இல்லை. எடுத்தவர் பெயர் சில படங்களுக்கு இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. பெயரைக் கேட்பது என் சுயநலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேதியைக் கேட்பது அப்படியில்லை. வெயில்படும் கட்டிடம் காலை எட்டு மணிக்கு ஒன்று, மாலை நாலு மணிக்கு வேறொன்று. மழைக்காலம் பத்து பார்த்தபின் மூன்றாவது ஒன்று. கட்டிடம் இப்போது இல்லையென்றால் 'இடிக்கப்பட்டது' என்று ஒரு சொல் சேர்க்க எவ்வளவு இடம் பிடிக்கும்? கண்காட்சி நடத்துபவர்களிடமும் இதையே கேட்டுவருகிறேன். அட்டை அழகு கெடும் என்கிறார்கள்.

அந்தப் பூரிப் படத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். தேதி தேடி நெகட்டிவ் உறையைப் பார்த்தேன். 'டெல்லி, புக் ஃபேர்' என்று என் கையெழுத்து, வருடம் எழுதவில்லை. அந்த அம்மா ஸ்வெட்டர் போட்டிருக்கிறார், நிழல் நீளமாக விழுகிறது. போடுவதாக இருந்தால் 'குளிர்காலம், காலை நேரம்' என்றாவது போடுங்கள்.

இப்படிக்கு,
கட்டிடப் படக்காரர் ஒருவர்,
சென்னை