"சாபோ" என்று சொன்ன பிள்ளைக்காக

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவில் வாழும், ஸ்பானிஷ் பேசும் பெரியவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஊரில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். உங்கள் மொழி எனக்குக் கடையில் பேசும் அளவுக்குத்தான் வரும். அதனால் தமிழில் எழுதுகிறேன். பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கும் என் மகள் இதை உங்களுக்கு மொழிபெயர்த்துத் தருவாள். எங்கள் வீடுகளிலும் இதைப் படிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த மாதம் பதினைந்து வயது நிறைகிறது. போன ஞாயிறு அவர்கள் வீட்டு விருந்தில் ஒரு பெரியவர் அவளிடம் ஏதோ கேட்டார். "எனக்குத் தெரியாது" என்பதற்கு "யோ நோ சே" என்று சொல்ல வேண்டியவள், "யோ நோ சாபோ" என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் ஆங்கிலத்தைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அதே விருந்தில் என் மகளும் தப்பும் தவறுமாகத்தான் ஸ்பானிஷ் பேசினாள். அவளைத் தட்டிக் கொடுத்தீர்கள். வெளியாள் பிழையாகப் பேசினால் பாராட்டு, சொந்தப் பேத்தி பேசினால் கேலியா?

அந்தப் பிழை எப்படி வருகிறது தெரியுமா? 'கொமேர்' என்றால் சாப்பிடுவது. நான் சாப்பிடுகிறேன் என்பதற்குக் 'கொமோ'. அதே கணக்கில், தெரிந்திருப்பது என்று பொருள்படும் 'சாபேர்' என்பது 'சாபோ' ஆகியிருக்க வேண்டும். மொழி தன் வழக்கத்தை மீறி அதைச் 'சே' ஆக்கிவைத்திருக்கிறது. இலக்கணத்தை உள்வாங்கிய பிள்ளைதான் 'சாபோ' என்று சொல்லும். மெக்சிகோவிலும் மாட்ரிட்டிலும் பேசப் பழகும் குழந்தைகள் இதையே சொல்கின்றன. அங்கே வீட்டில் நாள் முழுக்கச் 'சே' காதில் விழுந்துகொண்டே இருப்பதால் தானாகத் திருந்திவிடுகிறது. இவளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். பள்ளிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று டெக்சஸ் 1918-இல் சட்டம் போட்டது. மார்ஃபா ஊரின் பிளாக்வெல் பள்ளியில் 1954-இல் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளின் கையில் காகிதத் துண்டுகளைக் கொடுத்து எழுத வைத்து, 'மிஸ்டர் ஸ்பானிஷ்' இறந்துவிட்டார் என்று சவ அடக்கமே நடத்தினார்கள். தாய்மொழியைப் பிள்ளைகளின் கையாலேயே புதைக்க வைத்தார்கள். இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்பானிஷ் பேசியதற்காகப் பிரம்படி பட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். நாம் பட்டது பிள்ளைகள் படவேண்டாம் என்று வீட்டிலும் ஆங்கிலம் பேசினீர்கள். பாசத்தால் செய்தது அது. ஆனால் மகனுக்குச் சொல்லித் தராத மொழி பேத்திக்கு எங்கிருந்து வரும்?

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. பியூ ஆய்வு மையம் 2023-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஸ்பானிஷ் அவ்வளவாகப் பேச வராத லத்தீனோக்களில், அதாவது அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில், 54 சதவீதம் பேர், இன்னொரு லத்தீனோவே அதற்காகத் தங்களைக் கூனிக்குறுக வைத்ததாகச் சொன்னார்கள்.

டிரக்கை 'த்ரோக்கா' என்றும் லஞ்சை 'லோஞ்சே' என்றும் ஆங்கிலம் கலந்து பேசினாலும் உங்களுக்குக் கோபம் வருகிறது. உங்கள் தட்டிலிருக்கும் ஆகுவாகாத்தே, அதாவது அவகாடோ, மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட் தந்த சொல். காப்பியில் போடும் அசூகார் அரபியிலிருந்து வந்தது. எங்கள் வீட்டு அலமாரியும் சாவியும்கூட உங்கள் மொழிக்கு உடன்பிறப்பான போர்ச்சுகீசியம் கொடுத்தவைதான்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். "பாட்டி வந்தான்" என்று சொன்ன ஒரு பையனைப் பார்த்து அவன் தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த மூன்று வாரம் அவனை ஒரு வார்த்தை தமிழ் பேச வைக்க என்னால் முடியவில்லை. பிழையோடு பேசுகிற பிள்ளையைத் திருத்திவிடலாம். வாயை மூடிக்கொண்ட பிள்ளையை என்ன செய்வது?

பக்கத்து வீட்டுப் பெண் தன் பதினைந்தாவது பிறந்தநாள் விழாவான கின்சேன்யேராவில் ஸ்பானிஷில்தான் பேசப்போகிறாள். தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒத்திகை பார்க்கிறாள். 'சே' சரியாக வந்துவிட்டது. உடைந்தது என்பதற்கு 'ரோத்தோ' என்று சொல்ல வேண்டிய இடத்தில் இன்னும் 'ரொம்பீதோ' என்றுதான் வருகிறது. அன்றைக்கும் அப்படியே வரலாம். அவள் பேசி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஸ்பானிஷிலேயே, மெதுவாக, அவளிடம் ஏதாவது கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தெருவில் வாழும் ஒரு தமிழ்ப் பெண்