மலருக்கு, அந்த ஒட்டுக்கருவி பற்றி

அன்புள்ள மலர்,

உடம்பில் ஒட்டி உள்ளே கேட்கும் சத்தங்களைப் பதிவுசெய்யும் கருவி பற்றி நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். பாதியில் ஒரு குழந்தையின் நினைவு வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ ஏழாம் வகுப்பு படித்த வருஷம் எனக்குக் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நைட் டியூட்டி. ஒரு கிலோகூட இல்லாத பெண் குழந்தை. மானிட்டரில் மூச்சு எண்ணிக்கை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, உதடோ நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் தொண்டை அடைத்து உள்ளே காற்றே போகவில்லை. நெஞ்சில் ஒட்டிய வயருக்கு அசைவு மட்டும்தானே தெரியும்! கழுத்தை நேராக்கி, உள்ளங்காலைத் தேய்த்தேன். அழுதாள். பக்கத்திலேயே நின்றதால் பார்த்தேன். வார்டின் அந்தக் கோடியில் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழு 2023-இல் வெளியிட்ட கருவி, அந்தக் காற்றின் சத்தத்தையே கேட்கிறது. நீளம் 40 மில்லிமீட்டர், அகலம் 20, தடிமன் 8, மேலே மெத்தென்ற சிலிகான். உடம்பைப் பார்த்து ஒரு மைக், வெளியே பார்த்து இன்னொன்று. வெளிச்சத்தத்தைப் பிரித்துக் கழித்துவிடுகிறார்கள். எங்கள் வார்டில் ஸ்டெத் வைத்தால் சளி உறிஞ்சும் சக்‌ஷன் மோட்டார்தான் முதலில் காதில் விழும், அதனால் இந்த யோசனையின் அருமை எனக்குத் தெரியும். இதயத்தின் லப்-டப்பும் குடல் சத்தமும்கூடக் கேட்கிறதே! பால் கொடுக்கும் முன் வயிற்றில் ஸ்டெத் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்போம். இது விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். 15 குறைமாதக் குழந்தைகளிடமும் 55 பெரியவர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். குழந்தைகள் இன்னும் நிறையப் பேரிடம் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி.

அப்புறம், உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் குழந்தைகளின் தோல் நனைந்த காகிதம் மாதிரி. பிளாஸ்டரை எடுக்கும்போது தோலும் கூடவே வந்ததைப் பார்த்திருக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல எடுப்போம். நீயும் இந்த மாதிரி சென்சார்தான் செய்யப்போகிறாய். எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கும் என்று கேட்கும் உங்கள் சார், எப்படிக் கழற்றுவது என்றும் கேட்கிறாரா? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல்.

அன்புடன்,
அம்மா