ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பாதியில் நிற்கும்போது கல்லூரி மாற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிபோர்னியாவில் இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி, யூசி எனப்படும் மாநிலப் பல்கலைக்கழகக் கிளை (University of California) ஒன்றுக்கு மாறி, பிறகு பல் மருத்துவம் படிக்கலாம் என்று திட்டமிடும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கிரெடிட்டுக்கு) 46 டாலர்தான் கட்டணம் என்பதால் இது நல்ல வழி. ஆனால் "ரெண்டு வருஷத்தில் மாறிவிட வேண்டும்" என்று பெற்றோர் முன்கூட்டியே நாள் குறித்துவிடுகிறார்கள். கெமிஸ்ட்ரி எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் அந்த நாளைக் குறிக்க வேண்டும்.

பல் மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் ஒவ்வொன்றையும் லேபுடன் ஒரு வருடம் கேட்கின்றன. பயாலஜியையும் பிசிக்ஸையும் முன்னே பின்னே நகர்த்தலாம். கெமிஸ்ட்ரியில் அது நடக்காது. ஜெனரல் இரண்டு செமஸ்டர், அதை முடித்த பிறகே ஆர்கானிக் இரண்டு செமஸ்டர். கணக்குப் பாடம் பாக்கி இருந்தோ, லேபில் இடம் கிடைக்காமலோ முதல் செமஸ்டர் தவறினால், மாறுவதற்குத் தேவையான 60 யூனிட் சேரும்போது ஆர்கானிக் பாதியில் நிற்கும்.

அந்த நிலையில் மாறினால் என்ன ஆகும்? பெர்க்லி, மெர்செட் தவிர இளங்கலை உள்ள மற்ற யூசிக்கள் குவார்ட்டர் முறையில், அதாவது கல்வியாண்டை இரண்டு செமஸ்டருக்குப் பதில் மூன்று குவார்ட்டராகப் பிரித்து, நடக்கின்றன. ஒரு செமஸ்டர் ஆர்கானிக் என்பது ஒன்றரை குவார்ட்டர். புது இடத்தின் பாடவரிசையில் அது சரியாகப் பொருந்தாது. படித்ததையே திரும்பப் படிக்க நேரலாம். யூனிட் கணக்கும் இடிக்கும்: ஒரு பல் மருத்துவக் கல்லூரி 8 செமஸ்டர் யூனிட் கேட்டால், அது 12 குவார்ட்டர் யூனிட். நான்கு யூனிட் குவார்ட்டர் வகுப்புகள் இரண்டு எடுத்தால் 5.33 செமஸ்டர் யூனிட்தான் தேறும். பல் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்கு இந்தக் குறை தெரியவருகிறது.

ஆகவே தேவைப்பட்டால் மூன்றாவது வருடமும் கம்யூனிட்டி காலேஜில் இருந்து ஆர்கானிக்கை முடித்துவிட்டு மாறுங்கள். யூசி 70 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல் யூனிட் கணக்கில் சேர்க்காது; ஆனால் பாடம் முடித்ததாக ஏற்றுக்கொள்ளும். யூசிக்கு விண்ணப்பிப்பது முந்தைய இலையுதிர் காலத்தில். அப்போது வசந்த செமஸ்டருக்கு ஆர்கானிக் இரண்டாம் பாகம் என்று எழுதிவிட்டு, பிறகு சொல்லாமல் கைவிட்டால் கிடைத்த இடமே ரத்தாகலாம். மாற்றம் இருந்தால் ஜனவரியில் வரும் பாட விவர அறிக்கையிலேயே தெரிவித்துவிட வேண்டும்.

அதற்காக எல்லாப் பாடங்களையும் கம்யூனிட்டி காலேஜிலேயே முடித்துவிடவும் கூடாது. சில பல் மருத்துவக் கல்லூரிகள் அங்கு எடுத்த யூனிட்டுகளுக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பிசியாலஜி மூன்றையும் பல்கலைக்கழகத்தில் எடுத்து நல்ல கிரேடு காட்டுவதே பலம். மாறிய முதல் குவார்ட்டரில் மூன்று சயின்ஸ் வகுப்புகளை ஒன்றாக எடுக்காதீர்கள். பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆட்சாஸில், சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் ஜிபிஏவில் (கிரேடு சராசரியில்) இரண்டும் சேரும்.

ஆட்சாஸை ஜூன் தொடக்கத்தில் அனுப்பலாம். மாறிய முதல் வருடம் முடிந்த கையோடு அனுப்பினால், பல்கலைக்கழக கிரேடுகள் கொஞ்சமே இருக்கும். பரிந்துரைக் கடிதம் தரும் அளவுக்குப் பழகிய சயின்ஸ் பேராசிரியர்களும் இருக்க மாட்டார்கள். ஒரு வருடம் பொறுத்து அனுப்புவதே பெரும்பாலானவர்களுக்கு நல்லது என்பேன். பல் மருத்துவ நுழைவுத் தேர்வான டாட்டை (DAT) மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அதன் 100 சயின்ஸ் கேள்விகளில் 30 ஆர்கானிக். படித்தது நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளுக்கு 21 வயதோடு அந்த அந்தஸ்து முடிகிறது. மூன்றாவது வருடம் தங்குவது அந்தத் தேதியோடு மோதுமா என்று இமிக்ரேஷன் வக்கீலிடம் முன்பே கேளுங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைச் சேர்க்காத பல் மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. பட்டியல் போடும்போதே அவற்றை நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆலோசகர்,
சான் ஹோசே