புது ஜாஸ் எல்லாம் இரைச்சல்தானா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில், ஜாஸ் கேட்கத் தொடங்குகிறவர்களுக்காக வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பமான ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் ஆரம்பிக்கச் சொன்னது சரி, அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் 1960களின் கடைசியோடு கடையைக் கட்டிவிட்டு, அதற்கப்புறம் வந்ததெல்லாம் வேகமும் இரைச்சலும்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. சமீப வருடங்களில் வந்தவற்றில் என் காதில் தங்கியவை பெரும்பாலும் சத்தம் குறைந்த ஆல்பங்கள். சிலவற்றை இங்கே சொல்கிறேன், கட்டுரை எழுதியவரும் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

முதலில் 2021இல் வந்த ‘ப்ராமிசஸ்’. மின்னணு இசைக்காரர் ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ், சாக்ஸஃபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸ், அவர்களோடு லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா. ஒன்பது பகுதிகள், மொத்தம் 46 நிமிடம். ஏழு சுரம் கொண்ட ஒரு சின்னத் துணுக்கு தொடக்கத்தில் வருகிறது, ஏறக்குறைய கடைசிவரை அதுவேதான் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில் சாண்டர்ஸ் நுழைந்து, வேண்டியதை மட்டும் வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். நாலாவது பகுதியில் சாக்ஸஃபோன்கூட இல்லை, வாய்க்குள்ளேயே ஏதோ முனகுகிறார், வார்த்தை என்று ஒன்றும் கிடையாது, ஆனால் அவர் வாசிப்பின் போக்கு அப்படியே அந்தக் குரலிலும் இருக்கிறது. 1960களில் சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் குழுவில் சாக்ஸஃபோனை அலறவிட்டவர் இதே மனிதர்தான். ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 80, அடுத்த ஆண்டு காலமானார். இதைச் செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஒன்றுமே கேட்கவில்லை என்று என்னைத் திட்டக்கூடாது, நல்ல ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது லண்டன்காரர் ஷபாகா. சன்ஸ் ஆஃப் கெமெட் குழுவில் மேடை அதிர வாசித்தவர், 2023 கடைசியில் சாக்ஸஃபோனை ஓரமாக வைத்துவிட்டுப் புல்லாங்குழல் பக்கம் போய்விட்டார், அதிலும் ஷாகுஹாச்சி என்கிற ஜப்பானிய மூங்கில் குழல்மேல் அவருக்குத் தனிப் பிரியம். 2024இல் வந்த ‘பர்சீவ் இட்ஸ் பியூட்டி, அக்னாலெட்ஜ் இட்ஸ் கிரேஸ்’ அந்த மாற்றத்தின் பலன். நியூ ஜெர்சியில் கோல்ட்ரேன் ஒலிப்பதிவு செய்த அதே வான் கெல்டர் ஸ்டுடியோவில், ஹெட்ஃபோன் இல்லாமல், தடுப்பு எதுவும் இல்லாமல், எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். ஒருவர் சத்தத்தைக் கூட்டினால் மற்றவர் வாசிப்பது கேட்காமல் போய்விடும் என்பதால் எல்லோருமே அடக்கித்தான் வாசிக்க வேண்டும், அது பதிவில் நன்றாகத் தெரிகிறது. பாடல்களில் சில இடங்கள் கொஞ்சம் இழுவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆம்ப்ரோஸ் அகின்முசிரேயின் ‘அவுல் சாங்’ (2023) இன்னும் சிக்கனம். அவருடைய டிரம்பெட், பில் ஃபிரிசெல்லின் கிடார், ஹெர்லின் ரைலியின் டிரம்ஸ், அவ்வளவுதான், அடிச்சுரம் தரும் பேஸ்கூடக் கிடையாது. இரவில் கேட்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

எல்லாமே மெதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். விஜய் ஐயர், லிண்டா மே ஹான் ஓ, டைஷான் சோரி மூவரின் ‘கம்பாஷன்’ (2024) வேகமும் கணக்கும் நிறைந்த பியானோ டிரியோ, அதாவது பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றும் மட்டும். தாளம் எங்கே தொடங்குகிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டால் சீக்கிரம் தோற்றுப்போவோம், பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் மற்றது தானாக விளங்கும். டிரம்ஸ் வாசிக்கும் சோரிதான் அதே ஆண்டில் இசைக்கான புலிட்சர் பரிசை வாங்கிய இசையமைப்பாளர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இம்மானுவேல் வில்கின்ஸின் ‘ப்ளூஸ் ப்ளட்’டை (2024) நம் வாசகர்கள் தவறவிடக்கூடாது. ஆல்ட்டோ சாக்ஸஃபோன்காரர், முதல் இரண்டு ஆல்பங்களிலும் வாசிப்புதான் பிரதானம், இதில் குரல்களுக்கு இடம் கொடுத்துவிட்டுத் தான் பின்னால் நிற்கிறார். அந்தக் குரல்களில் ஒன்று, தமிழ்நாட்டில் வளர்ந்து கர்நாடக இசை பயின்ற கானவ்யாவுடையது. அதே ஆண்டு வந்த அவருடைய ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ ஆல்பத்தையும் கூடவே கேட்கலாம். ஜாஸா, பஜனையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, நன்றாக இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையின் கடைசியில் ‘புதிய வெளியீடுகள்’ என்ற கட்டத்தில் ஜான் கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனின் நியூயார்க் கார்னகி ஹால் கச்சேரியைப் போட்டிருந்தீர்கள். வெளிவந்தது 2024தான், ஆனால் கச்சேரி நடந்தது 1971 பிப்ரவரியில், சுவாமி சச்சிதானந்தாவின் யோகா நிலையத்துக்கு நிதி திரட்டுவதற்காக. அருமையான பதிவு, சந்தேகமே இல்லை. முதல் பாதியில் ஆலிஸ் வாசிப்பது யாழ் போன்ற ஹார்ப், அப்புறம் பியானோ, கூடவே இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ், போதாததற்குச் சாக்ஸஃபோனில் அதே ஃபாரோ சாண்டர்ஸும் ஆர்ச்சி ஷெப்பும். ‘ஆஃப்ரிக்கா’ என்ற ஒரே உருப்படி அரைமணி நேரத்தை நெருங்குகிறது, நடுவில் இரண்டு சாக்ஸஃபோன்களும் கத்துகிற கத்தலுக்கு மேலே நான் சொன்ன எந்தப் புது ஆல்பமும் நிற்காது. புதுசெல்லாம் இரைச்சல் என்று மேலே எழுதிவிட்டு, கீழே கட்டத்தில் இதைப் போட்டிருப்பதைப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது.

பழைய நாடாக்களைத் தூசு தட்டி வெளியிடுவது நல்ல காரியம். ஆனால் அவற்றைப் புது ஆல்பங்களோடு ஒரே கட்டத்தில் கலந்து போட்டால், இன்று உயிரோடு வாசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இடம் எங்கே கிடைக்கும்? அடுத்த முறை பட்டியல் போடும்போது ஒலிப்பதிவான ஆண்டையும் வெளிவந்த ஆண்டையும் தனித்தனியாகப் போடுங்கள். யார் யார் எதை வாசிக்கிறார்கள் என்பதையும் போடுங்கள், ஸ்ட்ரீமிங் செயலியில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதி ஆல்பம் ஓடிவிடுகிறது.

அன்புடன்,
ஒரு வாசகர்