முதலில் கேள்வி, பிறகு கையொப்பம்

கிளிநொச்சியில் நூல் வெளியீட்டை நடத்திய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு நீங்கள் ஒழுங்குசெய்த, நூலை எழுதிய அரசியல் ஆய்வாளரின் உரைக்கும் நூல் வெளியீட்டுக்கும் வந்திருந்தவர்களில் நானும் ஒருவன். மண்டபம் நிறைந்த கூட்டம் என்று மறுநாள் படத்துடன் செய்தி வந்தது. உண்மைதான். அந்தக் கூட்டத்தில் பலர் ஏற்புரைக்கு முன்பே எழுந்து போனது செய்தியில் இல்லை.

அழைப்பிதழில் பிற்பகல் 2.30 என்று போட்டிருந்தீர்கள். விளக்கேற்றும்போது 4 மணி. பிறகு அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், ஆய்வுரைகள். வாழ்த்த வந்தவர்களில் ஒருவர், நூலை இன்னும் வாசிக்கவில்லை என்று மேடையிலேயே சொல்லிவிட்டு இருபது நிமிடம் பேசினார். அடுத்தது சிறப்புப் பிரதி. வர்த்தகர், ஓய்வுபெற்ற அதிபர், முன்னாள் மாகாண சபை உறுப்பினர் என ஒவ்வொருவராக ஏறி, கடித உறையைக் கொடுத்து, நூலை வாங்கி, கமராவைப் பார்த்து நின்று இறங்கினார்கள். நடக்கட்டும், எழுதியவருக்கு அச்சுக்கூலியாவது வரவேண்டும். ஆனால் அழைப்பிதழின் அடியில் ‘கலந்துரையாடல்’ என்று அச்சடித்திருந்தீர்களே? நேரம் போதாது என்று நன்றியுரையோடு முடித்துவிட்டு, கேள்வி உள்ளவர்கள் கையொப்பம் வாங்கும்போது ஆசிரியரிடம் நேரில் கேட்கலாம் என்று அறிவித்தீர்கள். அதாவது, காசு கொடுத்து நூல் வாங்கியவர் கேட்கலாம்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் உடையார்கட்டிலிருந்து வந்த அம்மா ஒருவர் இருந்தார். போரின் கடைசி நாட்களில், 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் கையளித்தவர். மடியில் பொலித்தீன் பை. அதற்குள் ஆணைக்குழுக்கள் கொடுத்த துண்டுகள், முறைப்பாட்டுப் பிரதிகள், நிறம் மங்கிய சிறிய படம் ஒன்று. கேட்க வேண்டியதைப் பேரப்பிள்ளையைக் கொண்டு கொப்பித் தாளில் எழுதுவித்துக் கொண்டுவந்திருந்தார். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: காணாமற்போனமைக்கான சான்றிதழை எடுத்தால், மகனைத் தேடும் உரிமை எனக்குத் தொடர்ந்து இருக்குமா? எடுத்தால் இரண்டு இலட்சம் ரூபாய் கிடைக்கும் என்கிறார்கள். எடுக்கச் சொல்லி ஒருவர், எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று இன்னொருவர். இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணாமற்போனவர் என்று மட்டும் பதிந்து தரும், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த அந்தச் சான்றிதழைப் பற்றி நூலில் ஓர் அத்தியாயமே இருக்கிறது என்று ஆய்வுரை செய்தவர் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பொன்னாடைகள் தொடங்கியபோது தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். புதுக்குடியிருப்புப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸை விட்டால் ஆட்டோதான், அந்தக் காசு அவரிடம் இல்லை. பஸ்ஸால் இறங்கியும் உள்வீதியால் நடக்க வேண்டும். இருட்டினால் யானைப் பயம். “நான் வாறன் தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் கேள்வி, பிறகு கையொப்பம். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

2010இல், போருக்குப் பிறகு அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு இதே கிளிநொச்சிக்கு வந்தது. 2014இல் காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. இரண்டாலும் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஆனாலும் அவர்கள்கூட எங்கள் ஆட்களைக் கதிரையில் இருத்தி, சில நிமிடங்களாவது பேசவிட்டார்கள். நம்மவர் மேடையில் அதற்கும் இடமில்லை. 2017 பெப்ரவரி 20 முதல் இங்கே கந்தசுவாமி கோவிலடியில், காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டம் தொடங்கிய தாய்மாரின் படத்தை நூலின் அட்டையில் போட்டிருக்கிறீர்கள். அட்டையில் இருப்பவர்களுக்கு முன்வரிசையில் இடமில்லை, அது பிரமுகர்களுக்கு. கொழும்பிலும் லண்டனிலும் கூட்டம் வைத்தால் கேள்வி நேரம் வைக்காமல் விடுவார்களா? வன்னிச் சனம் என்றால் கைதட்டினால் போதும். அன்றைக்கு நேரத்துக்கு வந்து இறுதிவரை இருந்தவர்கள், கதவடியில் நின்று படம் பிடித்த சிவில் உடைப் புலனாய்வுக்காரர் இருவர்தான். அவர்களுக்கு பஸ் கவலை இல்லை, மோட்டார் சைக்கிள் இருக்கிறது.

கோபம் உங்கள்மீது மட்டுமல்ல, இங்கு நடக்கும் விழாக்கள் எல்லாம் இப்படித்தான் நடக்கின்றன. கையைச் சுட்டுக்கொண்டு கூட்டம் வைப்பவர்கள் நீங்கள் என்பதும் தெரியும். ஆகவே தயவாகக் கேட்கிறேன். அடுத்த மாதம் முல்லைத்தீவில் இதே நூலுக்கு அறிமுக விழா வைப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அங்கு சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். ஆய்வாளர் பேசி முடித்தவுடன் ஒலிவாங்கியைச் சனத்திடம் கொடுங்கள், அரைமணி நேரம் போதும். பொன்னாடையும் சிறப்புப் பிரதியும் கையொப்பமும் அதற்குப் பிறகு எவ்வளவு நேரமும் நடக்கட்டும். பஸ் இருப்பவர்கள் போய்விடுவோம்.

அந்த அம்மாவின் கேள்வியை மேலே அப்படியே எழுதியிருக்கிறேன். ஆய்வாளரிடம் சேர்ப்பித்துவிடுங்கள். இரண்டு வரியில் பதில் எழுதித் தந்தால், உடையார்கட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. நூல் வாங்காதவரின் கேள்வி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

நன்றியுடன்,
விசுவமடுவிலிருந்து ஒரு வாசகன்