ஸ்காபரோ கூரையில் ஓர் அன்ரனா

ஸ்காபரோ, கனடா
ஒக்ரோபர் 12

அன்புள்ள சின்ன மாமாவுக்கு,

நாங்கள் யாவரும் இங்கே நலம். உங்களுடைய சுகத்தையும் மாமியின் சுகத்தையும் தம்பியின் கடிதத்தில் அறிந்து மகிழ்ந்தோம். சென்ற கிழமை தொலைபேசியில், கனடாவுக்குப் போயும் கூரையில் அன்ரனா கட்டுகிறாயா, அங்கே எல்லாம் கேபிளில்தானே வரும் என்று நீங்கள் வியப்போடு கேட்டீர்கள். பருத்தித்துறையில் வானொலியும் தொலைக்காட்சியும் திருத்தியே குடும்பத்தை நடத்திய உங்களுக்கு அரைகுறையாகச் சொன்னால் போதாது என்பதால், விபரமாக எழுதுகிறேன்.

முதலில் காசு. கேபிள் நிறுவனங்கள் அடிப்படைத் தொகுப்பை மாதம் 25 டொலருக்கு மேல் விற்கக் கூடாது என்று இந்நாட்டின் ஒளிபரப்பு ஆணையம் விதித்தது 2016 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பெட்டி வாடகை, வரி, இணைத்துப் பார்க்கும் வேறு தொகுப்புகள் எல்லாம் சேரும்போது கட்டணம் எங்கோ போய்விடுகிறது. காற்றில் வரும் அலைகளுக்கோ கட்டணமும் இல்லை, அனுமதிப்பத்திரமும் தேவையில்லை. அன்ரனாவில் வரும் படம் கேபிளில் வருவதைவிடத் தெளிவாகவும் இருக்கிறது. கேபிள்காரர் பல அலைவரிசைகளை ஒரே குழாயில் திணிப்பதற்காகப் படத்தை மேலும் சுருக்குகிறார்கள், கோபுரத்திலிருந்து நேரே வருவதில் அந்த இரண்டாம் சுருக்கம் இல்லை.

அமெரிக்காவில் 2009 ஜூன் 12ஆம் திகதியோடும், கனடாவின் பெரிய நகரங்களில் 2011 ஓகஸ்ட் 31ஆம் திகதியோடும் பழைய ஒளிபரப்பு முறை நின்று, எல்லாம் டிஜிற்றலாகிவிட்டது. கடைகளில் "டிஜிற்றல் அன்ரனா", "எச்.டி. அன்ரனா" என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டு விற்பதைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். கம்பிக்குத் தெரிவது அலையின் நீளம் மட்டுமே. அதில் ஏறிவருவது எந்த முறை என்று அதற்குத் தெரியாது. உங்கள் கடைப் பின்புறத்தில் கிடந்த பழைய மீன்முள் அன்ரனாவை இங்கே கொண்டுவந்து கட்டினாலும் வேலை செய்யும். மாறியது ஒன்றே: முன்பு அலை பலவீனமானால் படத்தில் புள்ளி விழும், நிழல் விழும், ஆனாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இப்போது ஒரு மட்டம்வரை படம் கண்ணாடிபோல் இருக்கும். அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து, அடுத்த கணம் திரை வெறுமையாகிவிடும். ஆகவே, சற்று மிச்சம் வைத்து அன்ரனாவைத் தெரிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டின் நிலைமையைச் சொன்னால்தான் தெரிவு விளங்கும். ரொறன்ரோவின் அலைவரிசைகள் பெரும்பாலும் 553 மீற்றர் உயரமான சி.என். கோபுரத்திலிருந்து வருகின்றன, அது எங்களுக்குத் தென்மேற்கே, 20 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் நிற்கிறது. அமெரிக்க அலைவரிசைகள் ஒன்ராறியோ ஏரிக்கு அப்பால், பஃபலோ நகரத்துப் பக்கமிருந்து வருகின்றன. அது எங்களுக்குத் தெற்கே, சற்றுக் கிழக்குச் சாய்வாக இருக்கிறது. அவற்றிலும் ஃபொக்ஸும் பி.பி.எஸ்ஸும் ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கிராண்ட் ஐலண்டிலிருந்தும், என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. ஆகியவை பஃபலோவுக்கும் தெற்கேயுள்ள மேட்டு நிலங்களிலிருந்தும் வருகின்றன. பிந்தியவை 100 கிலோமீற்றருக்கு அப்பாலானவை; பூமியின் வளைவு அங்கே குறுக்கே வந்துவிடுகிறது. எனவே "150 மைல் எட்டும்" என்று பெட்டியில் போட்டிருக்கும் உள்ளங்கை அகலத் தகட்டை எப்படி நம்புவது?

அலைநீளத்திலும் ஒரு சிக்கல். இங்குள்ள நிலையங்களில் அநேகமானவை 470 முதல் 608 மெகாஹேர்ட்ஸ் வரையான யு.எச்.எவ். பட்டையில் இருக்கின்றன, அதற்கு மேலிருந்த பகுதியைக் கைத்தொலைபேசிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ரொறன்ரோவின் சி.டி.வி. மட்டும் 174 முதல் 216 வரையான வி.எச்.எவ். பட்டையில் நிற்கிறது. முன்னதன் அலை குட்டையானது, அதற்கு ஒரு சாண் சொச்சக் கம்பி போதும். பின்னதன் அலை நீளமானது, அதற்கு முக்கால் மீற்றருக்கு மேல் வேண்டும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு தண்டில் குறுக்குக் கம்பிகள் வரிசையாக நிற்கும் நீண்ட யாகி அன்ரனாவை முதலில் யோசித்தேன். அது ஒரே திசையைக் கூர்மையாகப் பார்க்கும். இரண்டு திசையும் வேண்டுமானால் கம்பத்தைத் திருப்பும் மோட்டார் வைக்க வேண்டும், பனிக்காலத்தில் அது உறைந்து நின்றால் கூரையில் ஏறுவது யார்? கடைசியில் நான் எடுத்தது இங்குள்ளவர்கள் "நான்கு பே" என்று அழைக்கும் வகை: ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு சோடி வி வடிவக் கம்பிகள், பின்னால் ஒரு வலைத்தட்டி. அதன் பார்வை யாகியைவிட அகலம். அதைப் பஃபலோவை நோக்கி நேராகத் திருப்பிக் கட்டிவிட்டேன். சி.என். கோபுரம் அருகில் இருப்பதால் பக்கவாட்டிலிருந்தே தாராளமாக நுழைந்துவிடுகிறது, சி.டி.வி.கூட, கம்பி அதற்கு அளவில்லாதபோதிலும், அந்த அருகாமையின் தயவால் வருகிறது. தூரத்தில் இருப்பவனுக்கு முகத்தைக் காட்டு, பக்கத்தில் இருப்பவன் தானாக வருவான் என்பதுதான் இந்த ஊரில் பலரும் கைக்கொள்ளும் வழி.

அலையைப் பெருக்கும் பூஸ்டர் போடவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வரும் தூரதர்ஷனைப் பிடிக்கக் கம்பத்தின் உச்சியிலேயே பூஸ்டர் கட்டிய கை அல்லவா உங்களுடையது! அங்கே அது சரி. பக்கத்தில் வலுவான கோபுரம் எதுவும் இருக்கவில்லை. இங்கே பூஸ்டர் போட்டால் சி.என். கோபுரத்தின் அலையும் சேர்ந்து பெருகி, பூஸ்டரையே திணறவைத்து, பலவீனமான பஃபலோவை மூழ்கடித்துவிடும். கேபிள் வயரின் நீளத்தில் ஏற்படும் இழப்பை ஈடுசெய்வதே பூஸ்டரின் உண்மையான வேலை. எங்கள் வயரோ கூரையிலிருந்து வரவேற்பறைக்குச் சிறு தூரம்தான். அதனால் அன்ரனாவின் 300 ஓமை வயருக்குரிய 75 ஓமாக மாற்றும் சிறு மாற்றியும், ஆர்.ஜி.6 என்ற வகை வயரும் மட்டுமே போட்டேன்.

வீட்டுக்குள் வைத்தால் ஏறும் வேலை மிச்சமே என்று என் மனைவி சொன்னாள். நியாயமான கேள்விதான். ஆனால் குளிரைத் தடுப்பதற்காக இங்கே யன்னல் கண்ணாடிகளில் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சுப் பூசியிருப்பதுண்டு. அது வெப்பத்தைத் திருப்புவதுபோலவே அலைகளையும் திருப்பிவிடும். கூரைக்கடியில் வைத்தாலும் கணிசமான பங்கு ஓட்டிலும் பலகையிலும் போய்விடும். அருகிலுள்ளவற்றுக்கு அது போதும், ஏரியைக் கடந்து வருபவற்றுக்குப் போதாது. மின்னல் பாதுகாப்புக்காகக் கம்பத்திலிருந்து தடித்த செப்புக் கம்பியை இறக்கி வீட்டின் மின்சார நிலத்தொடுப்போடு இணைக்கச் சொல்லியிருக்கிறேன். அதை நானே செய்யவில்லை, உரிமம் பெற்ற மின்சாரத் தொழிலாளர் வருவார்.

ஏரி செய்யும் விந்தை ஒன்றையும் எழுத வேண்டும். கோடை இரவுகளில் குளிர்ந்த ஏரி நீருக்கு மேல் சூடான காற்று படுக்கும்போது, அலைகள் வளைந்து அடிவானத்துக்கு அப்பாலும் வழுகி வருகின்றன. வழக்கமாகத் தடுமாறும் தெற்கு மேட்டு நிலையங்கள் அப்போது அசையாமல் நிற்கின்றன. காற்று அடங்கிய இரவுகளில் இந்தியப் படம் தெளிவாக வந்ததும் எல்லாரும் முற்றத்தில் கூடுவோமே, அதே கடல்வழி வித்தைதான் இதுவும். இலை துளிர்த்தபின் எதிர்வீட்டு மேப்பிள் மரம் நனைந்து நிற்கையில் மட்டும் ஃபொக்ஸ் சற்று உடைகிறது.

இன்னொரு சிறு லாபம்: ஒரே நிகழ்ச்சி இரு நாட்டிலும் ஓடும்போது, கேபிளில் அமெரிக்க அலைவரிசையை மறைத்துக் கனடிய விளம்பரங்களோடு காட்டுவார்கள். அன்ரனாவில் அந்த மறைப்பு இல்லை. பிள்ளைகளுக்கு அதில் பெருமகிழ்ச்சி, எனக்கு ஒன்ராறியோவின் கல்வி அலைவரிசையான ரி.வி.ஓ.வின் ஆவணப்படங்களே போதும்.

மாமிக்குச் சொல்லுங்கள்: தமிழுக்கென்று தனி அலைவரிசை காற்றில் இங்கே இல்லை, நாடகங்களை இணையத்தில்தான் பார்க்கிறோம். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மேல்மாடி அறைக்கும் ஒரு தொலைக்காட்சி வைக்க எண்ணுகிறோம். பிரிப்பானைப் போட்டால் அலை பாதியாகும். ஃபொக்ஸுக்கு ஏற்கெனவே மிச்சம் குறைவு. பிரிப்பானுக்கு முன்னால் குறைந்த பெருக்கமுள்ள ஒரு பூஸ்டர் வைப்பதா, அல்லது மேல்மாடிக்குச் சி.என். கோபுரத்தை மட்டும் பார்க்கும் சிறு அன்ரனா ஒன்றைத் தனியாகக் கட்டுவதா? நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். பனி விழுமுன் முடிவுசெய்ய வேண்டும். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்